‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்வதற்கு முன்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களோடு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. “உவனுக்குப் படிப்பு ஏறாது. கைவேலை எண்டால் நல்லாச் செய்வான்.” தாய் சொல்வார். தகப்பன் தலையாட்டுவார். பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். சில மாதங்களில் அந்தப் பிள்ளையின் கதிரை வகுப்பில் வெறுமையாகிவிடும்.

இதே வசனம் இப்போது வேறு உடுப்பு உடுத்தும் வருகின்றது. கருத்தரங்குகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் ‘கற்றல் பாணி’ என்ற சொல் பழகிவிட்டது. ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துப் படிக்கும், இன்னொன்று காதால் கேட்டுப் படிக்கும், வேறொன்று கையால் செய்துதான் படிக்கும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் அதனதன் பாணியில் கற்பித்தால் எல்லோரும் கெட்டிக்காரராவர் என்பதே அக்கருத்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எமது பெற்றோரின் காதில் அது விழும்போது, “உங்கள் மகன் கையால் படிக்கிறவன், புத்தகம் அவனுக்குச் சரிவராது” என்ற பழைய தீர்ப்பாகவே மாறிவிடுகின்றது.

பிள்ளைகளை இப்படி இனம் பிரிப்பதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் இல்லை என்பதையும், இடம்பெயர்ந்த எமது பிள்ளைகளுக்கு இது நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும் என்பதையும் இங்கே எடுத்துக்கூற விரும்புகின்றேன். “என் பிள்ளை எந்த வகை?” என்று கேட்பதைவிட, “என் பிள்ளைக்குப் பாடம் எந்த இடத்தில் அறுந்தது?” என்று கேட்பதே பயன் தரும்.

கருத்து வந்த வழி

1983 இல் அமெரிக்க உளவியலாளர் ஹவார்ட் கார்ட்னர், மனித அறிவாற்றல் ஒன்றல்ல, பல வகைப்பட்டது என்று ஒரு நூல் எழுதினார். 1992 இல் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பவர், பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என நான்கு வழிகளைக் கூறி, யாருக்கு எது விருப்பம் என்று அறிய ஒரு வினாத்தாளை அறிமுகப்படுத்தினார். இவை இரண்டும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து போயின. தமது கொள்கை வேறு, கற்றல் பாணி வேறு என்று கார்ட்னரே பின்னாளில் விளக்க வேண்டியிருந்தது. 2004 இல் பிரித்தானியாவில் பிராங்க் கொபீல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் எண்ணிப் பார்த்தபோது, கற்றல் பாணிகளை வகுக்கும் முறைகள் 71 இருந்தன. ஒரே பிள்ளையை 71 விதமாகப் பெயரிடலாம் என்றால், அந்தப் பெயர்களை எவ்வளவுக்கு நம்புவது என்ற கேள்வி எழவே செய்யும்.

இக்கருத்தில் ஒரு நன்மையும் இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது, பின்வாங்கிலில் இருப்பவன் மொக்கன் அல்லன் என்று அது ஆசிரியர்களுக்கு நினைவூட்டியது. அந்த நல்லெண்ணத்தை நாம் வைத்துக்கொள்வோம். ஆனால் நல்லெண்ணம் வேறு, உண்மை வேறு.

நாலு பாத்திச் சோதனை

விவசாயிகளாகிய உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரண்டு இன மிளகாய் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வந்து, “முதலாம் இனத்துக்கு மாட்டெரு போடுங்கள், இரண்டாம் இனத்துக்குக் கடை உரம் போடுங்கள், மாறிப் போட்டால் விளைச்சல் குறையும்” என்கிறார். நீங்கள் உடனே நம்பிவிட மாட்டீர்கள். நாலு பாத்தி கட்டுவீர்கள். முதலாம் இனத்தை இரண்டு பாத்தியில் நட்டு ஒன்றுக்கு எருவும் மற்றதுக்கு உரமும் போடுவீர்கள். இரண்டாம் இனத்துக்கும் அப்படியே செய்வீர்கள். முதலாம் இனம் எருவிலும் இரண்டாம் இனம் உரத்திலும் நன்றாகக் காய்த்தால் அவர் சொன்னது சரி. இரண்டு இனமும் எருவிலேயே நன்றாகக் காய்த்தால், எரு நல்லது என்று தெரியுமேயன்றி, இனத்துக்கு இனம் வேறு பசளை வேண்டும் என்பது நிரூபிக்கப்படவில்லை.

2008 இல் ஹரோல்ட் பாஷ்லர் தலைமையில் அமெரிக்க உளவியலாளர் நால்வர், கற்றல் பாணி பற்றிய ஆய்வுகளை இந்த நாலு பாத்திக் கணக்கிலேயே எடைபோட்டனர். கண்ணால் படிப்பவர் எனப்பட்டவருக்குப் படத்தாலும் காதால் படிப்பவர் எனப்பட்டவருக்குப் பேச்சாலும் கற்பித்தும், மாற்றிக் கற்பித்தும் முறையாக ஒப்பிட்ட ஆய்வுகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றிலும் பல, பாணிக்கேற்பக் கற்பிப்பதால் நன்மை கிடைக்கும் என்ற எண்ணத்துக்கு நேர்மாறான முடிவுகளையே தந்தன. ஆகவே பாடசாலைகள் இதற்காகப் பணமும் நேரமும் செலவிடுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அவர்கள் எழுதினர்.

“செம்மண் வெங்காயத்துக்கு, களிமண் நெல்லுக்கு என்று மண்ணே வேறுபடும்போது பிள்ளைகள் வேறுபட மாட்டார்களா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்கு விருப்பங்கள் வேறுபடுவது உண்மை. ஒருவருக்குப் படம் பிடிக்கும், ஒருவருக்குக் கதை பிடிக்கும். ஆனால் பிடித்த வழியில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பது காணப்படவில்லை. பெரும்பாலும் வழியைத் தீர்மானிப்பது பிள்ளையல்ல, பாடம். தேசப்படத்தை எல்லோரும் பார்த்தே படிக்க வேண்டும். ஆங்கில உச்சரிப்பை எல்லோரும் கேட்டே படிக்க வேண்டும். நாற்று நடுவதை எல்லோரும் செய்தே படிக்க வேண்டும். எழுத்து வாசிப்பை எல்லோரும் வாசித்தே படிக்க வேண்டும். கையால் படிக்கிற பிள்ளை என்று சொல்லி வாசிப்பிலிருந்து ஒருவனுக்கு விலக்குக் கொடுத்தால், அது அவனுக்குச் செய்யும் அநியாயமாகும்.

அறுந்த இடம்

அப்படியானால் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் படிக்கும் இரு பிள்ளைகளில் ஒருவர் தேற, மற்றவர் பின்தங்குவது ஏன்? அதற்குப் பல காரணங்கள் உண்டு. முதன்மையானது, முன்பு படித்தது எவ்வளவு என்பதாகும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கூட்டல் தெரியாதவனுக்குப் பெருக்கல் வராது. பின்னம் தெரியாதவனுக்கு தசமம் வராது. ஒரு படி உடைந்தால் மேலுள்ள படிகள் எல்லாம் எட்டாமல் போய்விடும்.

எமது பிள்ளைகளின் ஏணியில் எத்தனை படிகள் உடைந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அடைக்கலம் தேடிய முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், 2008, 2009 இல் வன்னியில் இடம்விட்டு இடம் ஓடிச் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தவர்கள் என ஒவ்வொரு தலைமுறைக்கும் பாடசாலை அறுந்தது. அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் 2020, 2021 இல் பெருந்தொற்றினாலும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாலும் பாடசாலைகள் மூடப்பட்டன. தொலைபேசியில் நடந்த வகுப்புகள் ஸ்மார்ட் போன் இல்லாத வீட்டுக்குள் எட்டவில்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை தரம் 7 இல் தடுமாறினால், அது அவனுடைய ‘வகை’யா, அல்லது அவன் இழந்த தவணைகளா?

2010 இல் தறப்பாள் கொட்டில் ஒன்றில் சந்தித்த பையன் ஒருவன் நினைவுக்கு வருகின்றான். தரம் 7. கணிதத்தில் பத்துப் புள்ளியைத் தாண்டியதில்லை. அந்த மாதத்தோடு படிப்பை நிறுத்தி மேசன் வேலைக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. “அவன்ரை மூளை கையிலைதான் இருக்கு” என்றார் தகப்பன். ஆனால் சனிக்கிழமைகளில் தாயோடு சந்தியில் இருந்து வெங்காயம் விற்பவன் அவன்தான். கிலோ 120 ரூபா என்றால் மூன்றரைக் கிலோ எவ்வளவு என்று கேட்டேன். “மூண்டு கிலோ 360, அரைக் கிலோ 60, எல்லாமா 420” என்று கண் மூடித் திறப்பதற்குள் சொன்னான். அதையே கொப்பியில் 120 × 3.5 என்று எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் பெருக்கி 4200 என்று விடை எழுதினான்.

“மூண்டரைக் கிலோ வெங்காயத்துக்கு 4200 ரூபா கேட்டால் ஆர் வாங்குவினம்?” என்றேன். சிரித்துவிட்டான். பிறகு தானே புள்ளியை உரிய இடத்தில் போட்டான். விசாரித்தபோது, தசமம் படிப்பிக்கப்பட்ட தவணையில் அவனுடைய குடும்பம் மூன்று இடம் மாறியிருந்தது தெரியவந்தது. அவனுடைய மூளை கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. புள்ளி என்றால் என்ன என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான். பிறகு அவன் கணிதத்தில் முதலாம் பிள்ளையாக வந்தான் என்று சொல்ல வரவில்லை. பாடசாலையை விட்டு விலகவில்லை என்பதே செய்தி.

தேங்காய் விற்ற பிள்ளைகள்

இது எமது ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஏழைப் பிள்ளைகளிடம் தெரெசீனியா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவர் செய்த ஆய்வு 1985 இல் வெளிவந்தது. முதலில் வாடிக்கையாளர் போல் சென்று விலை கேட்டனர். பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். பிறகு அதே கணக்குகளைப் பாடசாலை முறையில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியான விடை 37 சதவீதமாகக் குறைந்தது. ஒரு பிள்ளை, தேங்காய் ஒன்று 35 என்றால் நான்கு 140 என்று தெருவில் சரியாகச் சொன்னது. அதே 35 ஐ நான்கால் தாளில் பெருக்கி 200 என்று எழுதியது.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐந்து பிள்ளைகளே. எனினும் அதில் எமக்கு ஒரு வழி தெரிகின்றது. அதே கணக்கை ஒரு சிறு கதையாக, இன்னார் இத்தனை பழம் வாங்கினார் என்று கொடுத்தபோது, 74 சதவீதம் சரியாக வந்தது. அதாவது தெருவுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கின்றது. பொருள் உள்ள இடத்தில் தொடங்கி எண்ணுக்குப் போவதே அந்தப் பாலம். பிள்ளையைத் தெருவிலேயே விட்டுவிடுவதும் தவறு, தாளோடு மட்டும் மாரடிக்க விடுவதும் தவறு.

வீட்டில் செய்யக்கூடியவை

“நாங்கள் படிக்காதவர்கள், என்ன சொல்லிக் கொடுப்பது?” என்று சொல்லும் பெற்றோர் பலர். கீழே கூறுபவற்றுக்கு எழுத்தறிவு கட்டாயமல்ல.

முதலாவது, கொப்பியை மூடிவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். “இண்டைக்கு என்ன படிச்சனீ? எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லு” என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்கலாம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பாராமல் நினைவுபடுத்திச் சொல்வதே நெடுநாள் நிற்கும் என்று அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006 இல் காட்டினர். ஒரு பகுதியை நான்கு தடவை வாசித்தவர்கள் ஒரு வாரத்தின் பின் அதில் 40 சதவீதத்தையே நினைவில் வைத்திருந்தனர். ஒரு தடவை வாசித்து, மூன்று தடவை பாராமல் நினைவுபடுத்தியவர்கள் 61 சதவீதத்தை வைத்திருந்தனர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். அதனால்தான் சத்தமாகப் பாடமாக்கும் பிள்ளை எல்லாம் தெரிந்தது போலத் தோன்றி, பரீட்சையில் மறந்துபோகின்றது.

இரண்டாவது, முறை வைத்துப் படிக்க விடுங்கள். ஒரு தோட்டத்துக்குத் தேவையான தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் இறைத்தால் பயிர் அழுகும். அதையே முறை வைத்து இறைத்தால் பயிர் பிடிக்கும். படிப்பும் அவ்வாறே. இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனை ஜேர்மனியரான எபிங்ஹவுஸ் 1885 இலேயே எழுதியிருக்கின்றார். பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுவதும் விளக்கோடு இருப்பதைவிட, இன்று அரைமணி, நாளைக்கு அரைமணி, அடுத்த கிழமை அரைமணி என்பது மேல்.

மூன்றாவது, உங்கள் அறிவைக் கொடுங்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று நீங்கள் அறிவீர்கள். நாலு பரப்பு கால் ஏக்கர், எட்டுப் பரப்பு அரை ஏக்கர் என்பது பின்னம். உரத்தைப் பாத்திகளுக்குப் பங்கிடுவது விகிதம். வட்டிக்கு எடுத்த காசு சதவீதம். இவற்றை வாயால் சொல்ல வைத்து, பிறகு “இதைக் கொப்பியிலை எப்பிடி எழுதுறது?” என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. காணியை இழந்தவர்கள் காணி பற்றிய அறிவை இழக்கவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க அது உங்களிடம் மிச்சம் இருக்கின்றது.

நான்காவது, கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகையை நோக்கிக் கண்ணைச் சுருக்கும் பிள்ளை, புத்தகத்தை மூக்கோடு பிடிக்கும் பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளை ஆகியோருக்கு வேண்டியது வைத்தியரே. பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். வேறு எல்லாவற்றிலும் சூட்டிகையாக இருந்தும் எழுத்துகளை மட்டும் எழுத்துக்கூட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளைகளும் உண்டு. அது சோம்பலும் அல்ல, கற்றல் பாணியும் அல்ல. வாசிப்பு இடர்பாடு என்ற உண்மையான குறை அது. அப்பிள்ளைக்குச் சிறப்பான, பொறுமையான பயிற்சி வேண்டும்.

ஐந்தாவது, பசியையும் பயத்தையும் மறவாதீர்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போகும் பிள்ளையும், கண்முன் உறவுகளை இழந்தவர்கள் நடுவே வளரும் பிள்ளையும், இரவில் திடுக்கிட்டு எழும்பும் பிள்ளையும் கரும்பலகையைப் பார்த்தபடி வேறெங்கோ இருக்கும். அதற்கு அடி மருந்தல்ல. ஒழுங்கான நித்திரை, அன்றாடம் ஒரே நேரத்துக்கு ஒரே வேலை, கேட்பதற்கு ஒரு பெரியவர் ஆகியவை மருந்து. ஆறாத காயமென்றால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

பாணிக்கு ஒரு பாடம் என்று மூன்று விதமாக ஆயத்தம் செய்யுமாறு ஏற்கெனவே சுமை மிகுந்த கிராமத்து ஆசிரியரைக் கேட்பது நடக்கிற காரியமல்ல, தேவையுமல்ல. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வைத்தது. அதுவே சரியான வழி. ஒரே பாடத்தைப் பார்க்கவும், கேட்கவும், செய்யவும், எழுதவும் எல்லோரையும் விடுங்கள். இனம் பிரிக்க வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாயிடம் “பிள்ளை மோசம், கவனியுங்கோ” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. “பின்னம் தெரியாது, தரம் 5 பாடத்திலிருந்து தொடங்க வேணும்” என்று சொல்லுங்கள். பெற்றோரும் “எப்பிடிப் படிக்கிறான்?” என்று கேட்பதை விட்டு, “எந்தப் பாடத்திலை நிண்டுபோனான்?” என்று கேட்கப் பழக வேண்டும். அறுந்த இடம் தெரிந்தால் முடிச்சுப் போடலாம். ஊரில் சாதாரண தரம் படித்த அக்காமாரும் அண்ணாமாரும் மாலையில் ஒரு மணித்தியாலம் இருந்தாலே பல முடிச்சுகளைப் போட முடியும்.

தீர்ப்பு எழுத அவசரம் வேண்டாம்

மேசன் வேலையையும் தச்சு வேலையையும் தோட்ட வேலையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை அவற்றை விரும்பிக் கற்பது வேறு. “உனக்குப் புத்தகம் சரிவராது” என்று பன்னிரண்டு வயதில் தள்ளிவிடப்படுவது வேறு. முன்னையதில் அவனுக்குத் தெரிவு இருக்கின்றது. பின்னையதில் இல்லை. மேசனுக்கும் அளவு, சரிவு, சதுரம் வேண்டும். விவசாயிக்கும் மருந்துப் போத்தலின் சீட்டை வாசிக்கவும், வங்கிக் கடன் பத்திரத்தை விளங்கிக்கொண்டு கையொப்பம் இடவும் வேண்டும். காணி உறுதியை வாசிக்கத் தெரியாததால் வந்த துன்பங்களை எமது மக்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். 2016 முதல் பதினாறு வயது வரை பாடசாலைக்குச் செல்வது கட்டாயம். இவை சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளையைப் பாடசாலையில் நிறுத்தி வைப்பதும் வெளியே அனுப்புவதும் பெரும்பாலும் வீட்டில், குப்பி விளக்கடியில், ஒரு வசனத்தால் முடிவாகின்றது. அந்த வசனத்தைச் சொல்வதற்கு முன் ஒரு தடவை பிள்ளையைக் கூப்பிட்டு அருகில் இருத்தி, கொப்பியை மூடிவைத்து, “உனக்கு எதிலை இருந்து விளங்கேல்லை?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. இரண்டு மூன்று நாள் கேட்க வேண்டியிருக்கும். கேட்டுக்கொண்டே இருங்கள்.